கருப்பன் திருப்பிச் சொன்னது

“நீ எழுதுனத நான் பேசுனா, கேக்கறவங்க என்னைத்தான மெச்சிக்குவாங்க? உனக்குக் கோவம் வராதா பாப்பா?” என்று பிரவின்குமார் ஒருமுறை சிநேகாவைக் கேட்டான்.

வராது என்று அவள் தலையாட்டினாள். அது பொய்யில்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட வாய் வராத பெண் அவள். அவளுக்கு எழுத வரும், பேச வராது. அவனுக்குப் பேச வரும், எழுத உட்கார்ந்தால் கொட்டாவி வரும். பெரியப்பா மகன், கூடப் பிறந்தவன் இல்லாத வீட்டில் அண்ணன் என்று கூப்பிட அவன்தான் இருந்தான். அவள் வாக்கியம் அவன் வாயில் ஏறி ஊருக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவே போதும் என்று இருந்தது அவளுக்கு.

புதுப்பட்டினத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி இருக்கிறது அவர்கள் குப்பம். ஊருக்கும் அலைக்கும் நடுவில் ஒரு மணல் மேடு. வெயில் முதலில் விழுவதும் கடைசியில் விலகுவதும் அதன் மேல்தான். பெண்கள் பழைய வலையை விரித்து அங்கேதான் கருவாடு காயப்போடுவார்கள். சிநேகாவின் அப்பா கடலில் போனபிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது மேட்டில் காய்ந்த மீனால்தான். அம்மா ஜெகதாம்பாள் ஒருத்தியால் உப்புப் போட்டு, விரித்து, திருப்பி, அள்ளி, கூடை தூக்கிச் சந்தைக்கும் போக முடியவில்லை. அதனால் பிளஸ் ஒன் பாதியிலேயே சிநேகா பள்ளியை விட்டு நின்றாள். ஏன் நின்றாய் என்று பள்ளியில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்லியிருக்கப் போவதில்லை.

பிரவின்குமார் முதலில் பேசியது மானிய டீசலைப் பற்றி. அதற்கு அவள் எழுதித் தந்தது ஒரே ஒரு பக்கம். டீசல் எந்த அலுவலகத்தில் நிற்கிறது, யார் கையெழுத்துக்காக நிற்கிறது, அது வராததால் எந்தெந்தப் படகு கரையில் கிடக்கிறது, அவ்வளவுதான். அவன் அதை உருப்போட்டுக்கொண்டு காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டான். கையில் காகிதம் வைத்துப் பேசுகிறவனை இந்தக் கரையில் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவன் கணக்கு. அந்தப் பேச்சுக்கு மறுவாரமே டீசல் வந்தது. அதிலிருந்து முட்டுக்காடு வரைக்கும் எந்தக் குப்பத்தில் கூட்டம் போட்டாலும் அவனைக் கூப்பிட்டார்கள். பையன் சுத்திவளைக்காமல் பேசுகிறான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மாகூட ஒருநாள் மீன் அரிந்துகொண்டே, “நம்ம வூட்டுக்குள்ள ஒக்காந்துகினு கேட்டவன் மாதிரி பேசறான் பாரு,” என்றாள். சிநேகா குனிந்து தரையில் சிதறிய செதில்களைக் கூட்டினாள்.

மாறியது எப்போது என்று கேட்டால், செங்கல்பட்டுக்குப் போகத் தொடங்கியபிறகு என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே ஒரு கட்சியைச் சேர்ந்தவர்கள் அவனை அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். திரும்பி வந்தவன் மேட்டில் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, இனிமேல் கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாக எழுது என்றான். ‘இந்த ஆபீசர் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு பதில் சொல்லவில்லை’ என்று அவள் எழுதியிருந்ததை, ‘நிர்வாகத்தின் மேலான கவனத்துக்கு’ என்று மாற்றச் சொன்னான்.

“யாரு கவனத்துக்கு?” என்று கேட்டாள் சிநேகா. அவனிடம் மட்டும் அவளுக்குப் பேச்சு வரும்.

“நிர்வாகத்தோட.”

“அது யாருண்ணா?”

“பேரு சொன்னா பகை பாப்பா. சொல்லாங்காட்டி அத்தினி பேரும் நம்ம ஆளு,” என்று சிரித்துக்கொண்டு ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அவள் மாற்றித் தரவில்லை. அவனே மாற்றிக்கொண்டான். கூட்டத்தில் கைதட்டல் முன்னைவிட அதிகமாகவே விழுந்தது. ஆனால் எந்த அலுவலகத்திலிருந்தும் பதில் வரவில்லை. யாரைக் கேட்டோம் என்றே தெரியாதபோது யார் பதில் சொல்வார்கள்?

வரவர அந்தப் பேச்சு மேடையோடு நிற்காமல் அவன் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பெரியம்மா, கூரை ஒழுகுகிறது, ஆள் கூட்டி வா என்றால், ‘அதற்கான முன்னெடுப்புகள் நடந்துகொண்டிருக்கின்றன’ என்பான். முதலில் விளையாட்டுக்குச் சொன்னான். பிறகு விளையாட்டில்லாமல் சொன்னான். கட்சி பெரியதா ஊர் பெரியதா என்று சிநேகா ஒருநாள் நேராகவே கேட்டபோது, இரண்டையும் ஒருங்கிணைந்த பார்வையில் பார்க்க வேண்டும் என்றான். அவன் மறைக்கிறானா, இல்லை அவனுக்கே தெரியவில்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சொல்லைக் குழப்பிக் குழப்பி, யோசிக்கிற இடத்திலும் அதே கலங்கல் போய்த் தேங்கிவிட்டது போலிருந்தது. ஆனாலும் அண்ணன் என்ற நினைப்பு அவளுக்குப் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேட்டுக்கு வினை வந்தது. மாமல்லபுரத்துக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் கார் நிறுத்த, கடை போட, மரப்பலகை பதித்து நடக்க, இந்தக் கரையை எடுத்துக் கட்டப்போவதாக ஒரு கம்பெனி வந்தது. ஊர் ஒத்துக்கொண்டால் உடனே வேலை தொடங்கும் என்றார்கள். மேடு போனால் கருவாடு காயப்போட வேறு இடம் கிடையாது. தோப்புக்குள் வெயில் இல்லை, தெருவில் நாயும் வண்டியும். பெண்கள் தலைவரிடம் போய்ச் சொன்னார்கள். ஊர்க்கூட்டம் போட்டு முடிவு சொல்வோம், பிரவின்குமார் ஊர் சார்பில் பேசட்டும் என்றார் தலைவர் எல்லப்பன்.

அவன் சிநேகாவிடம் வந்து, “நல்லா எழுது. கல்லுகூட அழுவணும்,” என்றான்.

அவள் எழுதினாள். அதுவரை யாருக்கும் தராத ஒன்றை அதில் எடுத்து வைத்தாள். ஒரு மழை நாளில், ஈரமான கருவாட்டைக் கொட்டகைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா அவளிடம் சொன்னது. கரையொதுங்கிய அப்பாவின் உடல் வாசலில் கிடக்க, மேட்டில் நெத்திலி ஒரு பக்கமே காய்ந்துகொண்டிருந்ததாம். விட்டால் புழுத்துவிடும். அம்மா எழுந்து போய் அத்தனையையும் திருப்பிப் போட்டுவிட்டு வந்து, அதன்பிறகுதான் உட்கார்ந்து அழுதாளாம். ‘இத்த யாராண்டயும் சொல்லாத, என்ன பொம்பளடா இவள்னு சொல்லுவாங்க,’ என்றும் அம்மா சொல்லியிருந்தாள். சிநேகா பெயர் போடாமல் எழுதினாள். மேட்டைக் காப்பாற்ற அதைவிட வலுவான வார்த்தை அவளிடம் இல்லை. கடைசி வரி: இந்த மேட்டை யாருக்கும் கொடுக்க மாட்டோம், இதுதான் ஊர் முடிவு.

வலை பின்னுகிற கூடத்தில் கூட்டம் நடந்தது. ஆண்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். பெண்கள் வழக்கம்போல வெளியே, தூண்களை ஒட்டி நின்றார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எந்த முடிவானாலும், அது நிற்பதற்கு முன்னால் கடைசி வரிசையில் இருக்கிற யாராவது ஒருவரைத் தலைவர் எழுப்புவார். அவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னது சரியென்று பேசினவர் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. எழுதி வைக்கிற பழக்கம் இல்லாத காலத்தில் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த பிறகும் விடவில்லை. ஒருமுறை வலைத் தகராறில் நீட்டி முழக்கி ஒரு முடிவு சொல்ல, தூங்கி வழிந்தவரை எழுப்பிக் கேட்டார்கள். அவர், “இன்னா, அவங்கவங்க அவங்கவங்க வூட்டுக்குப் போலாம்னு சொல்றீங்க,” என்றார். சிரித்து முடித்த பிறகு, ஆமாம், நாம் ஒன்றுமே முடிவு செய்யவில்லை என்று தெரிந்து மீண்டும் உட்கார்ந்தார்கள்.

பிரவின்குமார் எழுந்தான். முதல் வாக்கியத்திலேயே கூடம் அடங்கியது. அவன் குரலுக்கு ஒரு கனம் உண்டு. அவள் எழுதியதை அவள் நினைத்ததைவிட நன்றாகச் சொன்னான்.

“புருசன் பொணம் வாசல்ல கெடக்குது. மேட்டுல நெத்திலி ஒரு பக்கம் காஞ்சிகினு கீது. எழுந்து போயி அத்தத் திருப்பிப் போட்டுட்டு வந்து, அப்பறமா ஒக்காந்து அழுத பொம்பள இந்த ஊர்ல கீறா. அவளாண்ட கேக்காம இந்த மேட்ட யாரு தொட முடியும்?”

உள்ளே ஆண்கள் துண்டால் முகத்தைத் துடைத்தார்கள். தூணோரம் ஜெகதாம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் கண் மகள் பக்கம் திரும்பவில்லை. “இவனுக்கு யாரு சொன்னது?” என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்ற சுஜாதாக்கா, எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதானே என்றாள்.

அடுத்து கடைசி வரி வர வேண்டும். சிநேகா அதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு காத்திருந்தாள். வந்தது வேறு.

“ஆகவே, காலத்தின் தேவைகளைக் கருத்தில் கொண்டு, இப்பகுதியின் பயன்பாட்டை மறுசீரமைத்து, பாரம்பரியத் தொழிலாளர்களின் வாழ்வாதார மேம்பாட்டை உறுதிசெய்யும் வகையிலான உரிய மாற்று ஏற்பாடுகளுடன் கூடிய ஒருங்கிணைந்த வளர்ச்சிக்கு, நம் ஊர் தன் முழு ஒத்துழைப்பை நல்கும் என்று பெருமையோடு அறிவிக்கிறேன்.”

கைதட்டல் வெடித்தது. அழுகை இன்னும் தொண்டையில் இருந்த கைதட்டல். சிநேகாவுக்கு மட்டும் கை எழவில்லை. கிழிந்த வலையில் வேறு நூல் போட்டுப் பின்னியதை விரலால் தடவினாலே தெரிவதுபோல, அவள் வரி முடிந்து வேறு யாருடைய வரியோ தொடங்கிய இடம் அவளுக்குத் தெரிந்தது. அந்த நீள வாக்கியத்தை அவள் மனதுக்குள் பிரித்தாள். பயன்பாட்டை மறுசீரமைத்து என்றால், கருவாடு காயப்போடுவது நின்று வேறு ஏதோ நடக்கும். மாற்று ஏற்பாடு என்றால் எங்கே, எப்போது? அதில் இல்லை. ஒத்துழைப்பு என்றால் சம்மதம். உமியை ஊதிவிட்டுப் பார்த்தால் கிடந்தது ஒன்றுதான்: மேட்டைக் கொடுத்துவிட்டோம்.

எல்லப்பன் கடைசி வரிசையைப் பார்த்து, “கருப்பா, எழுந்திரு. இன்னா சொன்னாரு, திருப்பிச் சொல்லு,” என்றார்.

கருப்பன் எழுந்தான். நல்ல மனிதன், அவனும் மனைவியை இழந்தவன், கண் சிவந்திருந்தது. “மேடு நம்மளுது. பொம்பளைங்களக் கேக்காம எவனும் கைய வைக்கக் கூடாதுன்றாரு. கடசில அய்யரு மந்திரம் மாதிரி மங்களமா முடிச்சாரு. அவ்ளோதான் தலைவரே,” என்றான்.

கூடம் சிரித்தது. அந்தக் கடைசி வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாமல் விட்டது, அந்த ஊர் அதுவரை செய்யாத தவறு. கூட்டங்களில் கேட்டுக் கேட்டு, கடைசியில் வருகிற பெரிய வார்த்தைகளைப் பந்தல் தோரணம் என்று எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தார்கள். தோரணத்தை யார் திருப்பிச் சொல்வார்கள்?

எல்லப்பன், சரியாகச் சொன்னானா என்று பிரவின்குமாரைப் பார்த்துக் கேட்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவன் கண் தூணோரம் வந்து சிநேகாவின் மேல் நின்றது. பிறகு விலகியது.

“சரிதான் தலைவரே. அதே பொருள்தான்,” என்றான்.

சிநேகா அம்மாவின் கையைப் பிடித்து, “அவரு அத்தச் சொல்லலம்மா,” என்றாள். குரல் பாதி காற்றாகத்தான் வந்தது. கருப்பன் சொன்னது காதில் விழவில்லையா, சும்மா இரு என்றாள் அம்மா. இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று சிநேகா வாயை மூடிக்கொண்டாள். வீட்டிலும் சொல்ல முடியவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டால், அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

பிரவின்குமாரைத் தேடிப் போனாள். செங்கல்பட்டு போயிருக்கிறான் என்றாள் பெரியம்மா. உள்ளாட்சித் தேர்தலுக்கு அவன் பெயரைக் கட்சியில் எழுதிக்கொண்டார்களாம். பெரியம்மா பூரித்துப்போய்ச் சொன்னாள். மறுநாள் போனபோதும் அவன் அங்கேதான் இருந்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

வாரம் திரும்புவதற்குள் லாரியில் சிமெண்டுக் கம்பங்கள் வந்து மேட்டோரம் இறங்கின. பெண்கள் விரித்த வலை மேலேயே ஓடி வந்து வழிமறித்தார்கள். கம்பெனியின் மேற்பார்வையாளர் ஹரிஹரன், மரியாதையான ஆள். குரலை உயர்த்தவே இல்லை. “உங்க ஊரு ஒத்துக்கிட்டதுதானம்மா,” என்று போனை எடுத்து ஊர்க்கூட்டத்து வீடியோவைப் போட்டுக் காட்டினார். பிரவின்குமாரின் கடைசி வாக்கியம் வெயிலில் முழுதாக ஒலித்தது. பின்னால் கைதட்டல். கைதட்டியவர்களின் முகமும் தெரிந்தது. சுஜாதாக்காவே அதில் இருந்தாள்.

“இதுல எங்கய்யா குடுக்கறோம்னு சொல்லிகீறான்?” என்று கேட்டாள் சுஜாதாக்கா.

அதைத்தானம்மா சொல்லியிருக்கிறார் என்றார் அவர். உண்மையில் அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்த மொழியிலேயே வேலை பார்க்கிறவர்.

பெண்கள் கூடையும் கையுமாக வலைக்கூடத்துக்கு நடந்தார்கள். சிநேகாவும் போனாள். எல்லப்பனும், செங்கல்பட்டிலிருந்து திரும்பியிருந்த பிரவின்குமாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். படகிலிருந்து வந்த ஆண்களும் கூடிவிட்டார்கள். வீடியோவைப் பற்றிப் பெண்கள் சொன்னதைக் கேட்டுத் தலைவர் முகம் கறுத்தது. கருப்பன் திருப்பிச் சொன்னதும் இதுவும் ஒன்றா என்று பிரவின்குமாரைக் கேட்டார். அவன் நிதானமாக, நான் எதையும் ஒளித்துச் சொல்லவில்லை, எல்லார் முன்னாலும் மைக்கில்தான் சொன்னேன், மாற்று ஏற்பாடு என்ற பாதுகாப்பும் அதில் இருக்கிறது என்றான். அது எங்கே என்று ஒருவர் கேட்டார். அது கொள்கை அளவில் ஏற்கப்பட்டிருக்கிறது என்றான். சில தலைகள் ஆடக்கூட ஆடின.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் சிநேகாவுக்கு என்ன ஆனதோ, கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள்.

“எடம் இல்லன்றாரு,” என்றாள். குரல் உடைந்தது, ஆனால் கேட்டது. “மேட்டக் குடுத்தாச்சி. வேற எடம் இல்ல. அவரு அன்னிக்கிச் சொன்னது அதான். கருப்பண்ணன் சொன்னது அது இல்ல. அது இல்லன்னு அவருக்கும் தெரியும்.”

அவள் பேசிக் கேட்டதே இல்லை அந்த ஊர். கருப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பிரவின்குமார் டீ கிளாசைக் கீழே வைத்தான். அவள் வாயிலிருந்து வந்தது எவ்வளவு நேராக இருந்ததோ, அவன் பதிலும் அவ்வளவு நேராக வந்தது. இரண்டு வருடத்தில் அவன் சொந்தமாகச் சொன்ன தெளிவான பேச்சு அதுதான்.

“சித்தி, உன் பொண்ணக் கேளு. எனக்குப் பேச்சு எழுதித் தர்றது யாருன்னு கேளு. டீசல்ல இருந்து அவதான். மேட்டப் பத்துனதும் அவ எழுதுனதுதான். அந்த நெத்திலிக் கதையக்கூட நானா கண்டேன்?”

அத்தனை முகமும் சிநேகா பக்கம் திரும்பியது. அடிப்பாவி என்றாள் யாரோ. எழுதியது அவள்தான் என்றால், எழுதியதை விளக்க வந்து நிற்கிறாளே, இதென்ன நாடகம் என்றது இன்னொரு குரல். கடைசி வாக்கியம் என்னுடையது இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாம் எப்போதோ அடுப்பில் போய்விட்டது. பிரவின்குமாரைப் பார்த்தாள். அவன் எல்லப்பனிடம் ஏதோ ஆவன செய்வதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தான்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தாள். மேட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கம்பங்களைப் பற்றிக் கேட்கவில்லை.

“நெத்திலியத் திருப்பிப் போட்டத நீயா சொன்ன?”

“ஆமாம்மா,” என்றாள் சிநேகா. “மேட்டுக்காகத்தாம்மா...”

ஜெகதாம்பாள் அவளைப் பார்த்தபடி நின்றாள். வெயிலுக்கு இடுங்கிய அந்தக் கண்ணில் கோபம் இருந்திருந்தால்கூட சிநேகா தாங்கியிருப்பாள். தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது அது. பிறகு அம்மா குனிந்து காலிக்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பெண்கள் வழி விட்டார்கள். சிநேகா பின்னாலேயே இரண்டடி வைத்தாள். அம்மா திரும்பவில்லை. நடையை எட்டிப் போட்டு, தோப்புப் பக்கம் போய்விட்டாள்.